உறுப்பினர் 40417 போட்ட மார்க்

ஜூன் 4, வியாழன்

தண்ணீர் லாரி வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். 'மறுமாலை' கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வரன் பார்த்துத் தரும் செயலி அது. பாளையங்கோட்டைப் பக்கம் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். நானும் சேர்ந்திருக்கிறேன். கல்யாண ஆசையால் அல்ல. முப்பத்து மூன்று வருஷம் சமூக அறிவியல் நடத்திய ஒருத்தி, அறுபத்தொரு வயதில் சமூகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? தங்க உறுப்பினர் கட்டணம் கட்டியதும் அந்த ஆராய்ச்சிக்காகத்தான்.

மின்னஞ்சலில் இருந்தது இது: "எங்கள் கணினி அமைப்பில் ஒரு சிறு நிகழ்வு ஏற்பட்டது. உங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்."

வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "சின்ன விஷயந்தான் டீச்சர்" என்று ஆரம்பித்தால், ஜன்னல் கண்ணாடி போயிற்று என்று அர்த்தம்.

மாலையில் பூண்டு உரித்து வைத்தேன்.

ஜூன் 5, வெள்ளி

கண்ணாடி மட்டும் போகவில்லை. கட்டடமே போய்விட்டது.

பதினோரு மணிக்குத் தங்கை செண்பகம் போன் செய்தாள். அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். நடந்து வந்தால் நான்கு நிமிஷம். ஆனால் மகிழ்ச்சி தாங்காதபோது அவள் போன்தான் செய்வாள்.

"யக்கா, கேட்டியா? அந்த மறுமாலைல இருந்த அம்புட்டுப் பேரு விவரமும் வெளிய வந்துட்டாம். போட்டோ, போன் நம்பரு, வருமானம், எல்லாம். எங்க வாட்ஸாப்புல வந்து கெடக்கு. அதுல ஒருத்தி ஆம்பளையளுக்கெல்லாம் மார்க் போட்டு வச்சிருக்கா!"

"மார்க்கா?" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பேரு இல்ல. காசு கட்டுனவங்க பேரு, போட்டோ மட்டும் வெளிய வரலியாம். உறுப்பினர் 40417-னு இருக்கு. 'தனிப்பட்ட குறிப்பு'னு ஒரு பகுதியாம், காசு கட்டுனவங்களுக்கு மட்டும் உள்ளது. வாசிக்கேன் கேளு. 'பதினெட்டு மார்க். கேட்ட கேள்விக்கு விடை இல்லை. பெற்றோரை அழைத்து வரவும்.' யக்கா, அந்த ஆளுக்கு வயசு அறுவத்து மூணு!"

அவள் சிரித்துச் சிரித்து விக்கினாள். நான் அடுப்பை அணைத்தேன்.

"எவளோ திமிரு புடிச்சவ யக்கா. ஆனா நல்லா எழுதுதா."

நன்றாக எழுதுகிறாள் என்பது உண்மைதான் என்று எனக்கும் பட்டது.

குறிப்பெழுதும் கட்டத்தின் மேலே, 'இது உங்களுக்கு மட்டுமே தெரியும்' என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதை நம்பினேன். முப்பத்து மூன்று வருஷப் பழக்கம், ஒரு பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தையும் பார்த்தால் கை சும்மா இருக்காது.

ஜூன் 6, சனி

பால் பொங்கி வழிந்தது. இரண்டு முறை.

ஜூன் 8, திங்கள்

என் வீட்டு மாடியில் வக்கீல் ரஹ்மத் நிஷா குடியிருக்கிறாள். முன்னறைதான் அவள் அலுவலகம். நாற்பது வயது, கோபம் வந்தால் படியில் இறங்கும் சத்தத்திலேயே தெரியும். இன்று அப்படி இறங்கி வந்தாள். கூடவே தங்கபுஷ்பம் என்ற பெண்.

தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. கணவர் இறந்து ஒன்பது வருஷம். சமாதானபுரத்தில் தையல் கடை. விவரம் வெளியே போனதிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது அழைப்புகள். பாதிப் பேர் கண்டதையும் பேசுகிறார்கள். ஒருவன் அப்பா பெயர் முதல் ரத்த வகை வரை சரியாகச் சொல்லி, கம்பெனியிலிருந்து பேசுவதாக ஓ.டி.பி. கேட்டிருக்கிறான். போனை அணைத்து வைத்தால் கடைக்கு வாடிக்கையாளர் இல்லை. திறந்து வைத்தால் நிம்மதி இல்லை.

"எங்க அண்ணன் சொல்லுதாவ, 'இந்த வயசுல உனக்கு எதுக்கு இது'ன்னு. ஆசப்பட்டது ஒரு குத்தமா டீச்சர்?"

"குத்தமே இல்ல!" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. நிஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நிஷா கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறாள். பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டிப் பேசவும் போகிறாள். "சட்டம் நான் சொன்னா யாருக்கும் புரியாது டீச்சர். நீங்க உதாரணத்தோட சொல்லுங்க. உங்களுக்கென்ன, நீங்க வெளியாளு."

ஆமாம், வெளியாள் என்றேன்.

ஜூன் 11, வியாழன்

மூன்று நாளாக நிஷாவின் சட்டப் புத்தகங்களைப் படிக்கிறேன். ஆஹா! நியாயம் கேட்க எத்தனை வாசல்கள்! பென்சிலால் ஓரத்தில் டிக் போட்டுவிட்டேன். நிஷா திட்டினாள்.

ஜூன் 14, ஞாயிறு

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இலவசமாகக் கிடைத்தது. பதினேழு பேர் வந்தார்கள். எல்லாரும் நீள மேஜைகளின் முன்னே வரிசையாக உட்கார்ந்திருந்ததால், இலை போடப் போவதுபோல் இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தேன்.

"டோக்கன் வாங்கிட்டு சைக்கிளை விடுதீங்க. ஸ்டாண்டுக்காரர் வாசலைத் திறந்து போட்டுட்டு டீக் குடிக்கப் போயிட்டார். திருடன் சைக்கிளைக் கொண்டுபோயிட்டான். இதுல தப்பு ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு!" என்றார்கள் ஒரே குரலில். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"திருடன் ஒரு தப்பு. ஏமாத்தப் பாக்கிறவன், மிரட்டுறவன் எல்லாம் அதுல சேத்தி. உடனே 1930 உதவி எண்ணுக்கு போன் பண்ணணும், சைபர் போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். ஸ்டாண்டுக்காரர் ரெண்டாவது தப்பு. அதுக்கு முதல்ல கம்பெனிக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்துல புகார். வாயால சொன்னது காத்தோட போகும்."

"அதுக்கு அவன் பதில் சொல்லலைன்னா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"நுகர்வோர் ஆணையம் இருக்கு. சேவையில குறைன்னு கேஸ் போடலாம். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவங்க, ஆணையம் அனுமதிச்சா, சேர்ந்து ஒரே மனுவா குடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலயும் நஷ்டஈடு கேக்க வழி இருக்கு. ஆனா அதை விசாரிக்கிற அதிகாரி சென்னையில இருக்கார். நஷ்டத்தை நாமதான் நிரூபிக்கணும்."

"புதுசா ஒரு தரவுச் சட்டம் வந்திருக்காமே?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"வந்திருக்கு. படிப்படியா நடைமுறைக்கு வருது. அதுல கம்பெனிக்குப் பெரிய அபராதம் போடலாம். ஆனா அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். சைக்கிள் போனது உங்களுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். உயரம், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நான் உடனே கரும்பலகை இல்லாத சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"பேரு பலவேசம். ரிட்டையர்டு ரயில் கார்டு. எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். எனக்கு முப்பத்து நாலு மார்க் போட்டிருக்காளே ஒருத்தி, அவளை எந்தச் சட்டத்துல பிடிக்கலாம்?"

கூடம் அதிர்ந்தது. அவர் விடவில்லை. "முப்பத்தஞ்சு பாஸு. ஒரு மார்க்குல பெயிலாக்குதவ மனுஷியா? வாசிக்கேன் கேளுங்க. 'பொழுதுபோக்கு ரயில் பார்ப்பது என்கிறார். முப்பத்தாறு வருஷம் பார்த்தது போதாதா? சமைக்கத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிரிப்பு நன்று. மீண்டும் முயலவும்.'"

"எனக்கு அறுவத்தொரு மார்க்!" என்றார் பழைய பேங்க் கேஷியர் சங்கரபாண்டியன், எழுந்து நின்று.

"உக்காரும் வே, பெரிய ராங்க் ஹோல்டரு" என்றார் பலவேசம்.

பதினெட்டு வாங்கியவரும் வந்திருந்தார். தன் அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது, எங்கே கூட்டிவர வேண்டும் என்று கேட்டார்.

40417-உம் பாதிக்கப்பட்டவர்தான், அவருடைய அந்தரங்கமும் திருடப்பட்டிருக்கிறது, அவரைத் தேடக் கூடாது என்று நான் நீளமாக விளக்கினேன். பலவேசம் கவனமாகக் கேட்டுவிட்டு, "வாஸ்தவந்தான்" என்று உட்கார்ந்தார். உட்காரும்போது சிரித்தார்.

புகைப்படத்தில் இருந்தது அந்தச் சிரிப்பில் பாதிகூட இல்லை. இது ஒரு சாதாரணத் தகவல்.

ஜூன் 17, புதன்

பலவேசம் ஒரு தூக்குவாளியோடு மாடிப்படி ஏறினார். உள்ளே சொதி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கூட இஞ்சித் துவையலும். சமைக்கத் தெரியும் என்பதற்கான ஆதாரமாம். வழக்கில் சேர்க்க வேண்டுமாம்.

"சார், இது வக்கீல் ஆபீஸு. மெஸ் இல்ல" என்று நிஷா கத்தியது கீழே வரை கேட்டது. பிறகு தூக்குவாளியோடு அவளே இறங்கி வந்தாள். "டீச்சர், நீங்க நடுநிலை ஆளு. சோதிச்சுப் பாருங்க."

ஆதாரத்தை மூன்று முறை சோதித்தேன். வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கையில் வெறுமனே கொடுக்கக் கூடாது என்பதற்காக நான்கு முறுக்கு போட்டுக் கொடுத்தேன். அது மரியாதை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 19, வெள்ளி

பலவேசம் இன்று வரவில்லை. மின்விசிறி சத்தம் போடுகிறது.

ஜூன் 20, சனி

வந்தார். நோட்டீஸ் நகலில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்றாம். எலக்ட்ரீஷியன் வரவில்லை, ஆனால் சத்தம் நின்றுவிட்டது.

ஜூன் 22, திங்கள்

கம்பெனியின் பதில் வந்தது. நிஷா மேஜையில் அறைந்தாள்.

இதுதான் சங்கதி. நம் ஆட்கள் பதினேழு பேரும் இலவச உறுப்பினர்கள். காசு வாங்காமல் செய்கிற சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது; ஆகவே நீங்கள் யாரும் நுகர்வோரே அல்ல என்கிறான். இரக்கப்பட்டு ஆளுக்கு ஆறு மாதத் தங்க உறுப்பினர் சலுகை தருகிறானாம். 'இனி எந்த வழக்கும் தொடுக்க மாட்டோம்' என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு வரை அவகாசம்.

"வாதாடலாம் டீச்சர். 'எங்க விவரம்தான் நாங்க கொடுத்த விலை'ன்னு சொல்லலாம். ஆனா வருஷக்கணக்கா இழுக்கும். இவங்க யாரும் தாங்க மாட்டாங்க. தங்கபுஷ்பம் அக்கா இப்பவே கையெழுத்துப் போட்டுட்டு ஓடலாமான்னு கேக்காவ." நிஷா பேனாவை உருட்டினாள். "காசு கட்டுன ஒரே ஒரு ஆளு முன்னால நின்னா போதும். இந்த ஊர்ல அப்படி ஒருத்தி இருக்கான்னு உறுதியா தெரியும். தனிப்பட்ட குறிப்பு எழுதினாளே, அவ."

"யாருன்னு தெரியலையே" என்றேன்.

"ஆமா, தெரியல" என்றாள் நிஷா. அவள் பார்வை அவளுடைய சட்டப் புத்தகத்தின் ஓரத்தில், என் பென்சில் டிக்கின் மேல் இருந்தது.

ஜூன் 25, வியாழன்

ஒரு பேச்சுக்கு: நான் எழுந்து நின்றால் என்ன ஆகும்? செண்பகம் அறிவாள். தெரு அறியும். நான் படிப்பித்த பெண்கள், அவர்களுடைய பெண்கள், எல்லாரும் அறிவார்கள். 'டீச்சருக்குக் கல்யாண ஆசை' என்பார்கள்.

நிற்காவிட்டால்? தங்கபுஷ்பம் போனை அணைத்து வைப்பாள். அவள் அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

அவள் கேட்டதற்கு 'குத்தமே இல்ல' என்று கத்தினேனே. அதை யாரிடம் சொன்னேன்?

அரிசி களைந்தேன். மறுபடி களைந்தேன்.

ஜூன் 28, ஞாயிறு

அதே சாப்பாட்டுக் கூடம். செண்பகம் உளுந்த வடை சுட்டு எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். மேஜைமேல் கம்பெனி அனுப்பிய தாள்கள். தங்கபுஷ்பம் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

நான் எழுந்தேன். நேரடியாகச் சொல்லத்தான் நினைத்தேன். வாய், வழக்கம்போல, உதாரணத்துக்குப் போய்விட்டது.

"ஒரு பேச்சுக்கு ஒருத்தி இருக்கான்னு வைப்போம். கல்யாணம் பண்ணிக்கிடல. தம்பி தங்கச்சிக்குப் பாத்து முடிக்கவே பொழுது சரியாப் போச்சு. ரிட்டையர் ஆனபொறவு ஒருநாள் இந்த மறுமாலையில சேருதா. சும்மா பாக்கத்தான். காசும் கட்டுதா. சும்மாதான். அப்புறம் ஒவ்வொரு படமா பாத்து... வேலை பாத்த பழக்கம், பாத்தீங்களா..."

வடையைக் கடித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"யக்கா" என்றாள் செண்பகம் பின்னாலிருந்து. "அந்த ஒருத்தி யாரு?"

"நீ சொன்னியே, திமிரு புடிச்சவன்னு. அவதான். நான்தான்."

கூச்சலில் கூரையே போயிற்று. செண்பகம் "எட்டி!" என்று, சின்னப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல், அக்காவையே கூப்பிட்டாள். பதினெட்டு மார்க் பெரியவர் எழுந்து கும்பிட்டார். சங்கரபாண்டியன் ஓடிவந்து கைகொடுத்தார், அவருக்கென்ன, அறுபத்தொன்று. நிஷா மட்டும் ஆச்சரியமே இல்லாமல், ஏற்கெனவே என் பெயர் அடித்து வைத்திருந்த வக்காலத்தை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க, டீச்சர்."

போட்டேன். தங்கபுஷ்பம் கம்பெனித் தாளை நான்காகக் கிழித்து, அதில் ஒரு வடையை வைத்து என்னிடம் கொடுத்தாள்.

பலவேசம் கடைசியாக வந்தார். சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். ஒரு மார்க்கு. எந்த டீச்சராவது ஒரு மார்க்குல விடுவாவளா?"

முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் முப்பத்து நாலில் விட்டதில்லை. எங்காவது தேடி ஒரு மார்க் கொடுத்துவிடுவேன். அதை அவரிடம் சொன்னேன்.

"பின்ன எனக்கு?"

"பாஸ் போட்டா, அடுத்தாப்ல நான் ஒரு வரி எழுதி அனுப்பணுமே" என்றேன். "பயமா இருந்துச்சு."

அவர் காதுவரை சிவந்தார். நான் எங்கு சிவந்தேன் என்று தெரியாது, கண்ணாடி இல்லை. சுற்றிலும் பதினாறு பேர், ஒரு தங்கை, ஒரு வக்கீல். யாரும் வேறு பக்கம் பார்க்கும் மரியாதையைக் காட்டவில்லை.

ஜூலை 3, வெள்ளி

செண்பகம் மூன்று புடவை கொண்டுவந்து காட்டினாள். கோர்ட்டுக்குப் போகத்தான் என்கிறாள். கோர்ட்டுக்கு எதற்குக் கத்தரிப்பூப் பட்டு?

ஜூலை 8, புதன்

ஒரு சிக்கல்.

மனுவோடு சத்தியப் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். அதில் நிஷா எழுதியிருக்கிறாள்: 'மேற்படி நிகழ்வால் முதல் மனுதாரர் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகி, உறக்கமும் மகிழ்ச்சியும் இழந்து, இன்றளவும் அவதியுற்று வருகிறார்.'

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது" என்றேன்.

"ஏன்?"

"இன்றளவும்னு இருக்கு."

"எல்லா மனுவுலயும் அப்படித்தான் இருக்கும் டீச்சர்."

"சத்தியம்னு மேல எழுதியிருக்கே நிஷா. எட்டு மணி நேரம் உறங்குதேன். காலையில ஜங்ஷன் வரைக்கும் நடந்து போய் ரயில் பாக்கேன். செங்கோட்டை வண்டி வந்தா எனக்கு இப்ப சத்தத்துலயே தெரியுது. நேத்து ரோட்டுல தனியா சிரிச்சுட்டுப் போனேன்னு பால்காரம்மா சொல்லுதா. இதுல எங்க இருக்கு அவதி?"

நிஷா தலையில் கைவைத்துக்கொண்டாள். "கேஸை நடத்த விடுங்க டீச்சர். நஷ்டஈடு கேக்கிற மனுவுல, சந்தோஷமா இருக்கேன்னு எழுதச் சொல்லுதீங்களா?"

ஒரு மணி நேரம் சண்டை. முடிவில் நான் சொன்னபடி திருத்தினாள். மற்ற பதினேழு பேருக்கும் 'இன்றளவும்' அப்படியே இருக்கிறது, அது உண்மை. எனக்கு மட்டும் தேதி போட்டோம்: ஜூன் 4 முதல் ஜூன் 28 முடிய.

"இதனால மனு விழுந்தா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு, படியில் சத்தமாக ஏறிப் போனாள்.

ஜூலை 21, செவ்வாய்

மனுவை ஏற்பதா வேண்டாமா என்று இன்று விசாரணை. கத்தரிப்பூப் பட்டுதான் கட்டினேன். வேறு எதுவும் இஸ்திரி போட்டிருக்கவில்லை.

ஆணையத்தின் தலைவர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். பதினெட்டுப் பேரும் நின்றோம். நான் கட்டணம் கட்டிய ரசீதைப் பார்த்தார். 'உங்களுக்கு மட்டுமே தெரியும்' என்று செயலியில் இருந்த வரியின் படத்தைப் பார்த்தார். மற்றவர்களைச் சேர்ந்து மனுச் செய்ய அனுமதிக்கலாமா என்று பக்கத்தில் இருந்த உறுப்பினரோடு பேசினார். தங்கபுஷ்பத்திடம், அழைப்புகள் இன்னும் வருகின்றனவா என்று கேட்டார். "வருது மேடம். ஆனா இப்ப போனை அணைக்கிறதில்ல. ஒவ்வொண்ணையும் தேதி போட்டு எழுதி வைக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம், நிமிர்ந்து நின்று. ஒரு முழு நோட்டை நீட்டினாள்.

பிறகு என் பிரமாணப் பத்திரத்துக்கு வந்தார். வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் மனுதாரர் யாரு?"

முன்னால் போனேன். நிஷா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், கூரை இடியப் போவதுபோல்.

"பதினஞ்சு வருஷமா மனு பாக்கிறேன்மா. மன உளைச்சலுக்கு ஆரம்பத் தேதி பாத்திருக்கேன். முடிவுத் தேதி பாத்ததில்ல. இதென்ன, ஜூன் இருபத்தெட்டோட சரியாப் போச்சா?"

"ஆமா மேடம்."

"அன்னைக்கு என்ன ஆச்சு?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கே தெரியும். பொய் சொல்ல முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் வழக்குக்கு ஆபத்து. உதாரணம் ஒன்றும் வாயில் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறை.

"மேடம்," என்றேன், "நாலாந்தேதியில இருந்து இருவத்தெட்டாந்தேதி வரைக்கும் நான் பட்டதுக்கு அந்தக் கம்பெனி முழுப் பொறுப்பு. அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். அதுக்கப்புறம் நடந்ததுக்கு அவங்க பொறுப்பில்ல. அது நானாப் பண்ணினது."

அவர் என்னைப் பார்த்தார். இருமிய திசையைப் பார்த்தார். கத்தரிப்பூப் பட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து, மனு ஏற்கப்பட்டது, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புக என்று எழுதினார். எழுதி முடிக்கும்வரை தலையைத் தூக்கவே இல்லை; ஆனால் தோள் குலுங்கியது.